விளம்பரத்தில் குடும்பம், ஒப்பந்தத்தில் உடைமை: ஒரு செல்லப்பிராணி விடுதி குறித்த மதிப்புரை

வீட்டில் வளரும் நாய்களையும் பூனைகளையும், உரிமையாளர் வெளியூர் செல்லும் நாட்களில் தங்கவைத்துப் பராமரிக்கும் விடுதி ஒன்றின் சேவையை இங்கே மதிப்பிடுகிறேன். விடுதியின் பெயரைக் குறிப்பிடவில்லை. நான் பாராட்டப்போகும் பணியாளர்கள் அந்த விடுதிக்கு உரியவர்கள் என்றாலும், நான் குறை சொல்லப்போகும் ஒப்பந்த வாசகம் அவர்களுடைய மனத்திலிருந்து வந்ததன்று. செல்லப்பிராணிகளைச் சட்டம் எந்தக் கண்ணால் பார்க்கிறதோ அந்தக் கண்ணால் எழுதப்பட்ட வாசகம் அது. விடுதியின் முகப்பிலும் கட்டண அட்டையிலும் "உங்கள் குடும்பத்தில் ஒருவரை எங்கள் குடும்பத்தில் ஒருவராகவே பார்த்துக்கொள்வோம்" என்று அச்சிட்டிருக்கிறார்கள். சேர்க்கைப் படிவத்துடன் இணைத்திருக்கும் ஒப்பந்தத்தின் முதல் நிபந்தனையோ, ஒப்படைக்கப்படும் பிராணி வாடிக்கையாளரின் அசையும் சொத்து என்றும், பாதுகாப்புக்காக ஒப்படைக்கப்படும் மற்ற உடைமைகளுக்கு உள்ள விதிகளே அதற்கும் பொருந்தும் என்றும் சொல்கிறது. வாடிக்கையாளர் நம்பிப் பணம் கட்டுவது முதல் வாக்கியத்தை. ஏதாவது நேர்ந்துவிட்டால் நிற்கப்போவது இரண்டாவது.

முதலில் பராமரிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதில் குறை சொல்ல இடமில்லை. எங்கள் செம்பி வயதான நாய். இதயக் கோளாறுக்கு நாள்தோறும் மாத்திரை எடுத்துக்கொள்பவள். இடிச்சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டு வெளியே வர மறுப்பவள். சேர்க்கையின்போது எங்களிடம் பேசிய பணியாளர், வெறிநோய்த் தடுப்பூசியும், நாய்கள் கூட்டமாக இருக்கும் இடங்களில் எளிதில் தொற்றும் இருமல் நோய்க்கான தடுப்பூசியும் காலாவதியாகவில்லை என்பதைத் தடுப்பூசி அட்டையில் சரிபார்த்துக்கொண்டார். அதன்பின் படிவத்தில் இல்லாத கேள்விகளைக் கேட்கத் தொடங்கினார். மாத்திரையை எப்படிக் கொடுத்தால் துப்பாமல் விழுங்குவாள், படி ஏறும்போது எந்தக் காலைத் தயங்கி வைக்கிறாள், உறக்கத்தில் தொட்டால் திடுக்கிடுவாளா, வீட்டில் யாருடைய குரலுக்கு முதலில் எழுந்து வருவாள் என்றெல்லாம் கேட்டு, பதில்களைத் தன் கையால் ஓர் அட்டையில் எழுதி, அந்த அட்டையைக் கூண்டின் கதவில் மாட்டினார். பழைய போர்வை ஒன்றைத் துவைக்காமல் கொண்டுவரும்படி முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். துவைத்தால் வீட்டு மணம் போய்விடும் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

செம்பியைத் திரும்பப் பெற்றபோது அந்த அட்டையையும் அதனுடன் இணைத்திருந்த அன்றாடக் குறிப்புகளையும் எங்களிடம் கொடுத்தார்கள். உணவு எவ்வளவு உள்ளே போனது, மலம் இறுகலாக இருந்ததா, மாத்திரை எந்நேரத்தில் தரப்பட்டது என்பவை கட்டங்களில் குறிக்கப்பட்டிருந்தன. கட்டங்களுக்கு வெளியே ஒரு நாள் குறிப்பில், இரவில் மழை வலுத்தபோது அவள் நடுங்கியதாகவும், பணியாளர் தன் நாற்காலியைக் கூண்டருகே இழுத்துப்போட்டுக்கொண்டு மழை விடும்வரை உட்கார்ந்திருந்ததாகவும் எழுதியிருந்தது. இன்னொரு நாள், விளையாட்டுத் திடலின் கம்பி வலையில் மாட்டி முன்கால் நகம் ஒன்று பிய்ந்திருக்கிறது. உடனே கட்டுப்போட்டு, கால்நடை மருத்துவரிடம் காட்டி, எங்களுக்கும் தகவல் சொல்லிவிட்டார்கள். நாங்கள் கேட்காமலேயே அந்த வலையை அன்றே மாற்றியதாகப் பின்னர் தெரிந்தது. விலங்குகளோடு வேலை செய்யும் இடத்தில் சிறு காயங்கள் ஏற்படுவதை முழுக்கத் தவிர்க்க முடியாது. காயத்தை மறைக்காத இடமா என்பதே பார்க்க வேண்டியது, இவர்கள் மறைக்கவில்லை.

ஒப்படைக்கும் முறையிலும் இதே கவனம் இருந்தது. தோலுக்கடியில் பொருத்தப்பட்டிருக்கும் மைக்ரோசிப்பின் 15 இலக்க எண்ணைச் சேர்க்கையின்போதும் திரும்பக் கொடுக்கும்போதும் கருவியால் வாசித்து, படிவத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்ட பிறகே கயிற்றை எங்கள் கையில் கொடுத்தார்கள். நாய், பூனைத் திருட்டு ஒரு தனித் தொல்லையாக வளர்ந்துவிட்ட காலம் இது. இங்கிலாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் 2024இல் இயற்றப்பட்ட செல்லப்பிராணிக் கடத்தல் சட்டம், அதைச் சாதாரணப் பொருள் திருட்டிலிருந்து பிரித்துத் தனிக் குற்றமாக்கி, ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க வழிசெய்திருக்கிறது. திருடு போனது ஒரு பொருள் மட்டுமல்ல என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட இடங்களுள் இதுவும் ஒன்று.

இனி ஒப்பந்தத்துக்கு வருகிறேன். படிவத்தை முன்கூட்டியே வாங்கி, நிபந்தனைகளை வரிவரியாகப் படித்த பிறகே செம்பியை அங்கே விட முடிவுசெய்தோம். என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது இழப்பீட்டு நிபந்தனை. பிராணி இறந்தாலோ காயமுற்றாலோ காணாமற்போனாலோ, தவறு விடுதியுடையதாகவே இருந்தாலும், விடுதி தரும் தொகை அப்பிராணியை வாங்கிய விலையைத் தாண்டாது. வாங்கிய ரசீது இல்லாத பிராணிகளுக்குத் தங்கும் கட்டணத்தைத் தாண்டாது. செம்பி குட்டியாகத் தெருவில் கிடந்தவள், அவளுக்கு ரசீது கிடையாது. ஆகவே, உயர்ந்த விலை கொடுத்து வாங்கிய அயல்நாட்டு இன நாய் ஒன்று அடுத்த கூண்டில் இருந்து, இரண்டுக்கும் ஒரே விபத்தில் ஒரே எலும்பு முறிந்தால், அந்த நாயின் சிகிச்சைச் செலவை விடுதி பெருமளவு ஏற்கும். செம்பியின் சிகிச்சைச் செலவு எங்கள் தலையில் விழும். வலி இரண்டுக்கும் ஒன்றுதான், சிகிச்சைக்கு ஆகும் தொகையும் ஒன்றுதான். வேறுபடுவது சந்தை விலை மட்டும். ஆதரவற்ற விலங்கை எடுத்து வளர்ப்பவரின் நாய்க்கு மதிப்பே இல்லை என்ற முடிவில் ஒரு நிபந்தனை போய் நிற்குமானால், அந்த நிபந்தனையின் அடிப்படையிலேயே பிழை இருக்கிறது.

அந்த அடிப்படை விடுதிக்காரர்கள் கண்டுபிடித்ததன்று. விலங்கை விலைகொண்டு அளக்கும் வழக்கம் சட்டத்தில் மிகப் பழையது. இந்தியாவின் 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம், ஒரு விலங்கைக் கொல்வதையோ முடமாக்குவதையோ குற்றமாக்கியபோது, அது 10 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ளதாக இருக்க வேண்டும் என்று ஒரு பிரிவிலும், 50 ரூபாய் என்று அடுத்த பிரிவிலும் எழுதிவைத்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 325ஆம் பிரிவு அந்த ரூபாய்க் கணக்கை நீக்கிவிட்டது. ஆயினும், அந்தக் குற்றம் இன்றும் சொத்துக்கு எதிரான குற்றங்களின் அத்தியாயத்திலேயே இருக்கிறது.

ஐரோப்பாவில் இந்த அடிப்படை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருக்கிறது. விலங்குகள் பொருட்கள் அல்ல என்று ஆஸ்திரியா 1988இலும் ஜெர்மனி 1990இலும் சுவிட்சர்லாந்து 2003இலும் தங்கள் உரிமையியல் சட்டங்களில் எழுதின. 2015இல் பிரான்ஸ், அவை உணர்வுள்ள உயிரிகள் என்று தன் சட்டத்தொகுப்பில் சேர்த்தது. இந்த அறிவிப்புகளை மட்டும் எடுத்துக்காட்டி, செல்லப்பிராணிகள் குடும்ப உறுப்பினர்களாகிவிட்டன என்று எழுதுபவர்கள், அடுத்த வரியைப் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். வேறு விதி இல்லாத இடங்களில் பொருட்களுக்கான விதிகளே விலங்குகளுக்கும் பொருந்தும் என்று அதே சட்டங்கள் தொடர்ந்து சொல்கின்றன. எனவே நாயின் நிலையை உண்மையில் மாற்றியவை இந்தப் பெரிய அறிவிப்புகளைக் காட்டிலும் அவற்றுக்குப் பின்னால் வந்த சிறிய விதிகளே.

சுவிட்சர்லாந்தின் விதிகளை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் இந்த விடுதியின் ஒப்பந்தத்தை எதனோடு ஒப்பிட வேண்டுமென்று என்னைக் கேட்டால் அவற்றோடுதான் என்பேன். பொருளீட்டும் நோக்கமின்றி வீட்டில் வளர்க்கப்படும் விலங்கு காயமடைந்தால், நியாயமான சிகிச்சைச் செலவு அந்த விலங்கின் மதிப்பைத் தாண்டினாலும் அதைக் கோரலாம். அது காயமடைந்தாலோ கொல்லப்பட்டாலோ, வளர்த்தவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் அதன்மேல் இருந்த பாசத்தின் மதிப்பை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம். கூட்டாக வளர்த்தவர்கள் பிரிந்து வழக்காடினால், விலங்கின் நலனை முன்வைத்து யாரிடம் அது நன்றாக இருக்குமோ அவரிடம் ஒப்படைக்கலாம். ஒருவர் தன் உயிலில் நாய்க்கென்று சொத்தை எழுதிவைத்தால், அது நாயைத் தக்கபடி பராமரிக்க வேண்டும் என்று வாரிசுகளுக்கு இட்ட கடமையாகக் கொள்ளப்படும். கடனுக்காக வீட்டுப் பொருட்களை ஜப்தி செய்யும்போது வீட்டுப் பிராணியைத் தொட முடியாது. இவற்றில் எந்த விதியும் நாயைக் குடும்ப உறுப்பினர் என்று பெயர் சூட்டி அழைக்கவில்லை. குடும்பத்தில் ஒருவருக்கு நேரும் தீங்கையும் பிரிவையும் எப்படி அணுகுவோமோ, அந்த அணுகுமுறையில் தேவையான பகுதியை மட்டும் எடுத்து நாய்க்குக் கொடுத்திருக்கின்றன. ஜெர்மனியின் சட்டமும், சிகிச்சைச் செலவு விலங்கின் மதிப்பைக் கணிசமாகத் தாண்டிவிட்டது என்பதற்காக மட்டும் அதை மிகை என்று ஒதுக்கக் கூடாது என்கிறது.

மற்றொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் டெக்சாஸில், தப்பியோடிய நாய் ஒன்று விலங்குக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டு, உரிமையாளர் திரும்ப வருவார் என்ற குறிப்பு அதன் கூண்டில் இருந்தும், தவறுதலாக மருந்து செலுத்திக் கொல்லப்பட்டது. அதை வளர்த்தவர்கள் பாசத்தின் இழப்புக்காகத் தொடுத்த வழக்கில், 2013ஆம் ஆண்டு மாநில உச்ச நீதிமன்றம், நாய் சட்டப்படி சொத்தே என்றும், மன இழப்புக்கு இழப்பீடு கோர முடியாது என்றும் தீர்ப்பளித்தது. கவனிக்கத்தக்கது என்னவென்றால், அந்த வழக்கில் நாய் வளர்ப்புச் சங்கங்களும் கால்நடை மருத்துவர் அமைப்புகளும் இழப்பீட்டுக்கு எதிராகவே நீதிமன்றத்தில் கருத்துரை தாக்கல் செய்தன. மன இழப்புக்கு வரம்பின்றி வழக்குத் தொடரலாம் என்றானால், மருத்துவர்களின் காப்பீட்டுச் செலவு உயரும், கட்டணம் கூடும், வசதி குறைந்தவர்கள் தங்கள் நாய்க்குச் சிகிச்சையே பெற முடியாமற்போகும் என்பது அவர்களுடைய வாதம். இந்த வாதத்தை நான் புறந்தள்ள மாட்டேன். செம்பியின் மருத்துவர் ஒவ்வொரு ஊசிக்கும் வழக்கை எண்ணி அஞ்சும் நிலை வந்தால், அதனால் நட்டப்படப்போவது செம்பிதான்.

ஆனால் வரம்பில்லாத இழப்பீட்டுக்கும் ரசீதின் விலைக்கும் நடுவே பரந்த இடம் இருக்கிறது. டென்னசி மாநிலம் 2000ஆம் ஆண்டிலேயே, மற்றவருடைய தவறால் செல்லப்பிராணி இறந்தால் தோழமையின் இழப்புக்கென இழப்பீடு பெற வழிசெய்து, அதற்கு உச்சவரம்பும் வைத்து, கால்நடை மருத்துவர்களின் கவனக்குறைவை அதன் எல்லைக்கு வெளியே நிறுத்தியது. இப்போது அந்த வரம்பு 5,000 டாலர். நியூயார்க்கில் 2025 ஜூனில் ஒரு விசாரணை நீதிமன்றம் மேலும் ஓர் அடி போனது. கயிற்றில் கட்டிய நாயோடு சாலையைக் கடந்துகொண்டிருந்தவரின் கண்ணெதிரே கார் மோதி நாய் இறந்த வழக்கில், கயிற்றைப் பிடித்திருந்தவரின் மன அதிர்ச்சிக்கான கோரிக்கையைப் பொறுத்தவரை அந்த நாயை நெருங்கிய குடும்பத்தினராகக் கருதலாம் என்று நீதிபதி எழுதினார். அதை அத்தகைய சூழ்நிலைக்கு மட்டும் உரியதாகவும் சுருக்கினார். அதே ஆண்டு அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், விமானத்தின் சரக்குப் பகுதியில் ஏற்றக் கொண்டுசெல்லப்பட்டபோது தப்பியோடிக் காணாமற்போன நாயின் வழக்கில், சர்வதேச விமானப் பயணத்தில் விமான நிறுவனங்களின் பொறுப்பை வரையறுக்கும் மாண்ட்ரியல் உடன்படிக்கையைப் பொறுத்தவரை அதுவும் பயணச் சுமைகளில் ஒன்றே என்றும், பயணத்துக்கு முன் சிறப்பு அறிவிப்பு செய்து கூடுதல் கட்டணம் செலுத்தியிராத பயணிக்கு, தொலைந்த பெட்டிக்குரிய வரம்புக்குட்பட்ட இழப்பீடே கிடைக்கும் என்றும் கூறியது. ஒரே ஆண்டில் ஒரு கண்டத்தில் குடும்பத்தினர், மற்றொரு கண்டத்தில் சுமை. இந்த நிலையில் ஒரு விடுதியின் வழக்கறிஞர் தன் கட்சிக்காரருக்குப் பாதுகாப்பான பக்கத்தைத் தேர்ந்ததில் வியப்பில்லை. வாடிக்கையாளர் அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதும் இல்லை.

அடுத்த நிபந்தனை, கையொப்பமிட்டவரைத் தவிர வேறு எவரும் பிராணியைப் பார்க்கவோ, திரும்பப் பெறவோ, அதைப் பற்றி முடிவெடுக்கவோ முடியாது என்பது. பாதுகாப்புக் கருதி இதை வைத்திருக்கிறார்கள் என்பது விளங்குகிறது. ஆனால் எங்கள் வீட்டில் செம்பிக்கு மாத்திரை கொடுப்பதும், அவளை நடக்க அழைத்துச் செல்வதும், அவள் மூச்சிரைக்கும்போது இரவில் விழித்திருப்பதும் என் மகள்தான். படிவத்தில் இருப்பது என் பெயர். உரிமையாளர் யார் என்ற கேள்விக்குக் காகிதத்தில் கிடைக்கும் விடையும், வளர்ப்பவர் யார் என்ற கேள்விக்கு வீட்டில் கிடைக்கும் விடையும் பல குடும்பங்களில் வெவ்வேறானவை. கணவன் மனைவி பிரியும்போது இந்த வேறுபாடு வழக்காக மாறுகிறது. அலாஸ்காவில் 2017 முதலும் கலிபோர்னியாவில் 2019 முதலும், விவாகரத்து நீதிபதி செல்லப்பிராணியை யாரிடம் ஒப்படைப்பது என்று முடிவெடுக்கும்போது அதன் நலனையோ பராமரிப்பையோ கருதிப் பார்க்கச் சட்டம் இடமளிக்கிறது. ஸ்பெயினில் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், குடும்பத்தினரின் நலனையும் விலங்கின் நலனையும் ஒருசேரப் பார்த்துப் பராமரிப்பைப் பகிர்ந்தளிக்கிறது. அதுமட்டுமன்றி, குடும்பத்தினரை அடக்கிவைக்க விலங்கைத் துன்புறுத்துவதையோ அப்படி மிரட்டுவதையோ, குழந்தைகளின் கூட்டுப் பராமரிப்பை முடிவுசெய்யும்போதும் கணக்கிலெடுக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2024 ஜனவரி முதல், யார் நாளும் பராமரித்தார், வீட்டுக் குழந்தைக்கும் விலங்குக்கும் என்ன உறவு, குடும்ப வன்முறை இருந்ததா என்பனவற்றை நீதிமன்றம் பார்க்கிறது. நாயை விட்டுவிட்டுப் போக மனமின்றி வன்முறை நிறைந்த வீட்டிலேயே தங்கிவிடும் பெண்களைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள், இந்த விதிகளை வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று சொல்லத் துணிய மாட்டார்கள்.

இவ்வளவையும் சொன்ன பிறகும், செல்லப்பிராணியைச் சட்டப்படி முழுமையான குடும்ப உறுப்பினராக்க வேண்டும் என்ற கோரிக்கையை நான் ஆதரிக்கவில்லை. அதற்கான காரணத்தையும் இதே ஒப்பந்தத்தில்தான் கண்டேன். மருத்துவம் பற்றிய நிபந்தனை, எங்களைத் தொடர்புகொள்ள முடியாமலும் பிராணி மீள முடியாத வேதனையிலும் இருந்தால், கருணைக்கொலைக்கு முன்கூட்டியே ஒப்புதல் தருகிறோமா என்று கேட்கிறது. இரண்டு மருத்துவர்கள் பார்த்து ஒப்ப வேண்டும் என்ற வாசகத்தை என் கையால் சேர்த்துவிட்டு ஒப்புதல் தந்தேன். என் தாய்க்காகவோ மகளுக்காகவோ அப்படியொரு கையெழுத்தை என்னால் இட முடியாது, இடவும் கூடாது. செம்பிக்காக இடாமல் விட்டால், நான் வந்து சேரும்வரை அவள் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்க வேண்டும். குடும்பத்தினரை நடத்தும் முறையிலேயே நடத்தினால் விலங்குக்குத் தீங்காகும் இடங்கள் இவ்வாறு உண்டு. கருத்தடை செய்வதும், கயிற்றில் கட்டி அழைத்துச் செல்வதும், அதற்கு விருப்பமில்லாத சிகிச்சையைப் பிடித்துவைத்துச் செய்வதும் இத்தகையவையே. அது பிறரைக் கடித்தால் முழுப் பொறுப்பும் வளர்ப்பவருடையதாக இருக்க வேண்டும் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. முடிவெடுக்கும் அதிகாரம் மனிதரிடம் இருக்கட்டும். அந்த அதிகாரத்தை விலங்கின் நலனுக்காகப் பயன்படுத்தும் கடமையும் சட்டப்படி அவரைக் கட்டட்டும். எனக்குத் தேவையான சட்டம் இவ்வளவுதான். விடுதியிடமிருந்தும் இதற்கு மேல் நான் கேட்கவில்லை.

காலம் தாழ்த்திய பிராணிகள் பற்றிய நிபந்தனை கடுமையானது. குறித்த நாள் கடந்து ஒரு வாரத்துக்குள் உரிமையாளர் வராவிட்டால், பிராணி கைவிடப்பட்டதாகக் கருதப்பட்டு வேறு இடத்துக்கு மாற்றப்படலாம். வழியில் விபத்தில் சிக்கி மருத்துவமனையில் கிடப்பவருக்கும், வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனவருக்கும் இந்த வாசகம் வேறுபாடு காட்டவில்லை. சுவிட்சர்லாந்தில் கண்டெடுக்கப்பட்ட செல்லப்பிராணியைக்கூட, கண்டெடுத்தவர் தன்னுடையதாக்கிக்கொள்ள இரண்டு மாதங்கள் காத்திருக்க வேண்டும்.

அவசரகால ஏற்பாட்டில் இந்த விடுதி என் எதிர்பார்ப்பைத் தாண்டியது. தீயோ வெள்ளமோ வந்தால் எந்தக் கூண்டு முதலில் வெளியேற வேண்டும் என்ற பட்டியலைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். நடக்க முடியாதவையும் முதியவையும் பட்டியலின் மேலே இருக்கின்றன. தூக்கிச் செல்லும் பெட்டிகள் பூட்டிய அறையில் இல்லாமல் வாசலை ஒட்டி, ஒவ்வொன்றிலும் கூண்டு எண் எழுதப்பட்டு, அடுக்கப்பட்டிருக்கின்றன. 2005இல் கத்ரீனா புயல் அமெரிக்காவின் தென்கரையைத் தாக்கியபோது, மீட்புப் படகிலும் முகாமிலும் நாய்க்கும் பூனைக்கும் இடமில்லை என்று சொல்லப்பட்டதால் வீட்டைவிட்டு வர மறுத்தவர்கள் பலர். அடுத்த ஆண்டே, பேரிடர்த் திட்டங்களில் வீட்டுப் பிராணிகளுக்கும் இடமளிக்க வேண்டும் என்று அந்நாட்டில் சட்டம் வந்தது. நாயைக் காப்பாற்றும் ஏற்பாடு மனிதரையும் காப்பாற்றும் என்பதை அந்தச் சட்டத்தை இயற்றியவர்கள் உயிரிழப்புகளுக்குப் பிறகே உணர்ந்தார்கள். இந்த விடுதிக்காரர்கள் எதுவும் நேர்வதற்கு முன்பே உணர்ந்திருக்கிறார்கள்.

நான் மாற்றக் கேட்டவற்றை எழுதிக் கொடுத்தபோது, மேலாளர் அவற்றைப் பொறுமையாகப் படித்தார். இரண்டாவது பொறுப்பாளராக என் மகளின் பெயரைச் சேர்த்து, அவளுக்கும் பார்க்கவும் பெறவும் முடிவெடுக்கவும் உரிமை உண்டு என்று எழுதிக் கையொப்பமிட்டார். காலம் தாழ்ந்தால் இரண்டு பொறுப்பாளர்களுக்கும் எழுத்து வழியே அறிவித்து, ஒரு மாதம் காத்திருப்பதாகவும் ஒப்புக்கொண்டார். சிகிச்சைச் செலவு விஷயத்தில், விடுதியின் தவறால் ஏற்படும் காயத்துக்கு வாங்கிய விலையைப் பாராமல் சிகிச்சை செய்வதாக வாய்மொழியாகச் சொன்னார். எழுத்தில் தர மறுத்துவிட்டார். விடுதி எடுத்திருக்கும் காப்பீடு, பிராணிகளை வாடிக்கையாளரின் சொத்து என்ற தலைப்பில் மட்டுமே ஏற்பதாகவும், அதற்கு மேல் எழுதிக் கொடுத்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும் என்றும் விளக்கினார். பிய்ந்த நகத்துக்கான செலவை அவர்களே ஏற்றுக்கொண்டார்கள் என்பதால், அவருடைய வாய்மொழியை நான் நம்புகிறேன். ஆயினும், ஒரு நல்ல மேலாளர் வேலையை விட்டுப் போனால் அவருடைய வாய்மொழியும் கூடவே போய்விடும். சிகிச்சைச் செலவை விலங்கின் விலையோடு கட்டிப்போடக் கூடாது என்று சட்டம் சொன்னால்தான் காப்பீட்டு நிறுவனமும் அதை ஏற்கும், விடுதியும் துணிந்து எழுதிக் கொடுக்கும்.

பராமரிப்பு, தூய்மை, நேர்மை, அவசரகாலத் தயார்நிலை ஆகியவற்றில் இந்த விடுதிக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். ஒப்பந்தத்துக்குப் பாதி மதிப்பெண்தான். உடல்நலமுள்ள, ரசீதோடு வாங்கிய பிராணியை வைத்திருப்பவர்கள் தயக்கமின்றி இங்கே விடலாம். முதிய பிராணியையோ, எடுத்து வளர்த்த பிராணியையோ, மருந்தில் இருக்கும் பிராணியையோ விடுபவர்கள், படிவத்தை ஒரு வாரம் முன்பே கேட்டு வாங்கி, இரண்டாவது பொறுப்பாளர், காத்திருப்புக் காலம், கருணைக்கொலைக்கான இரண்டு மருத்துவர் ஒப்புதல் ஆகிய மூன்றையும் இணைப்புத் தாளில் எழுதி மேலாளரின் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள். மறுப்பின்றிக் கையொப்பமிடுகிறார்கள். சிகிச்சைச் செலவுக்குத் தனியாகச் செல்லப்பிராணிக் காப்பீடு எடுத்துக்கொள்வது நல்லது. அதிலும் வயது வரம்பையும், முன்பே உள்ள நோய்களுக்கான விலக்கையும் பார்த்து எடுங்கள். அடுத்த பயணத்துக்கும் செம்பியை அங்கேயே விட ஏற்பாடு செய்திருக்கிறோம். அந்தச் சேர்க்கைப் படிவத்தில் முதல் பெயராக என் மகளின் பெயர் இருக்கும்.